நாலு சென்டிமீட்டர் சந்தேகம்

டெலிபோன் அலறியது!

காலை ஒன்பது மணி. மலேசியாவின் செனாய் ஊரில் வினிஃப்ரெட்டின் கார் பட்டறை அப்போதுதான் திறந்திருந்தது.

"ஹலோ..."

"கென்னத் பேசுறேன். நீங்க என்னைப் பாத்ததில்ல. என் கன்வர்ட்டிபிள் உங்க வாசல்ல நிக்குது, சாவி முன் டயர் மேல. பின்னாடி ஸ்ப்ரிங், ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்திடுங்க. இருக்கறதிலேயே ஹார்டா போடுங்க."

"முன்னாடி?"

"வேணாம். சாயங்காலம் சிங்கப்பூர் போகணும். ரெடியானதும் இதே நம்பருக்குக் கூப்பிடுங்க."

லைன் கட்டானது.

வினிஃப்ரெட் அளவு நாடாவை எடுத்துக்கொண்டாள்.

போன ஈஸ்டருக்கு அவள் ரெங்கம் ஊருக்குப் போயிருந்த சமயம், இந்தப் பட்டறையில் ஸ்ப்ரிங் மாட்டிய கார் ஒன்று எல்லையில் கடத்தல் சரக்கோடு பிடிபட்டது. 'இன்னொரு கார் மாட்டினா நீங்க உள்ள போவீங்க' என்று போலீஸ்காரர்கள் எச்சரித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து கார் சாவிகள் அவள் கையைத் தாண்டுவதில்லை. அளக்காமல் எந்தக் காரும் உள்ளே வருவதில்லை.

வாசலில் சிவப்புக் கன்வர்ட்டிபிள். துணிக்கூரை மூடியிருந்தது.

நாடாவோடு குனிந்தாள். பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை...

"திரு! இங்க வா!"

ஃபோர்மேன் திருச்செல்வம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தான். எட்டு வருஷமாக அவளிடம் வேலை பார்ப்பவன்.

"என்னக்கா?"

"கென்னத்துன்னு ஒருத்தன். பின்பக்கம் மட்டும் ஹார்ட் ஸ்ப்ரிங் கேக்குறான். உயரம் முப்பத்தஞ்சு சென்டி இருக்கணும், முப்பத்தொண்ணுதான் இருக்கு!"

"பழைய ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும் லா."

"ரெண்டு வருஷக் கார்ல தளருமா? அதுவும் இரும்புக் கூரை இல்லாத பாடி! ஹார்ட் ஸ்ப்ரிங் போட்டா ஒவ்வொரு குழிக்கும் கதவெல்லாம் ஆடும். இதுக்கு சாஃப்ட் ஸ்ப்ரிங்கும் தோதான ஷாக்கும்தான் சரி. வெயிட் ஏத்தினாலும் பின்பக்கம் இறங்கக் கூடாதுன்னு நினைக்கிறவன்தான் இப்படிக் கேப்பான்."

"கேட்டத மாட்டிக் குடுத்துட்டா நமக்கென்னக்கா..."

டிக்கியைத் திறந்தாள்.

காலி!

திருச்செல்வம் சிரித்தான். "உங்களுக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்."

அசடு வழிந்தபடி வினிஃப்ரெட் காரை ஓட்டிப்போய் ஹோய்ஸ்ட்டில் நிறுத்தினாள். காரைத் தூக்கும் கைகளை அவன் அடியில் பொருத்தினான்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

கூரையைத் திறந்தால் அது மடங்கி உட்கார, டிக்கிக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. கூரை மூடியிருக்கும்போது அது காலியாக இருக்க வேண்டும்.

இருக்கிறதா?

கூரைப் பொத்தானை நோக்கி விரலை நீட்டினாள்.

"தொடாதீங்கக்கா!" திருச்செல்வம் கத்தினான். "கூரை மோட்டார் போச்சு. பாதியில மாட்டிக்கும்!"

விரல் அப்படியே நின்றது.

இவன் இந்தக் காருக்குள் இன்னும் ஏறவே இல்லையே... கென்னத்தும் மோட்டாரைப் பற்றி மூச்சு விடவில்லையே!

மெல்ல இறங்கினாள்.

"மோட்டார் போச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அ... அது..."

"போன ஈஸ்டருக்கும் நீதானா திரு?"

எட்டு வருஷம். தன் கையால் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

அவன் அவளைப் பிடித்துத் தள்ளினான். காருக்குள் பாய்ந்தான். சாவி அதிலேயே இருந்தது. ஒரு வருஷத்தில் முதல்முறையாக அதை மறந்துவிட்டு இறங்கியிருந்தாள்.

இன்ஜின் உறுமியது!

வினிஃப்ரெட் தட்டுத்தடுமாறி எழுந்து, சுவரிலிருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

ஹோய்ஸ்ட் எழும்பியது. சக்கரங்கள் அந்தரத்தில் வெறியோடு சுழன்றன. மூன்றடி... ஐந்தடி... ஆறடி!

"அலமாக்! இறக்குங்கக்கா! எனக்கு உயரம்னாலே பயம்!"

"போலீஸ் வந்து இறக்குவாங்க. கென்னத்துக்கும் போன் போடுறேன், கார் ரெடின்னு. அவனும் வரட்டும்."

முதலில் வந்தது போலீஸ். இறக்கிய காரின் கூரைப் பள்ளத்தில் கறுப்புப் பொட்டலங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. பத்து நிமிடத்தில் காரை எடுக்க விசிலடித்துக்கொண்டே வந்த கென்னத்துக்கும் ஒரு ஜோடி விலங்கு காத்திருந்தது.

விலங்கோடு நடந்த திருச்செல்வத்தை அவள் நிறுத்தினாள். போலீஸ் பொட்டலங்களை எடுத்துவிட்ட காரின் பின்சக்கரத்தில் நாடாவை வைத்து நிதானமாக அளந்தாள்.

"முப்பத்தஞ்சு! பாத்தியா திரு... ஸ்ப்ரிங் மாத்தாமலே ரிப்பேர் பண்ணிட்டேன்!"