கடைசிச் சக்கரம்

"அப்ப வண்டி சீட்டை யாரு பாய் முன்னால தள்ளுறது?"

"என்னையக் கேட்டா? சாவி உன் இடுப்புலதான கெடக்கு. ஜின்னு வந்து தள்ளுச்சோ என்னமோ!"

ஒர்க்‌ஷாப்காரர் மீரா சாகிப் சிரித்தார். சேதுபதி சிரிக்கவில்லை என்று கண்டதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"தம்பி, நாளைக்கு இந்த எடத்துக்கு வேற வண்டி வருது. பிரேக்கை முடிச்சு இன்னைக்கே வெளிய எடுத்துரு. பெடல் மிதிக்க ஆளு வேணும்ல? தொழுதுட்டு வந்து நானே உக்காருறேன்."

"வேணாம் பாய். அந்த சீட்டுல யாரும் உக்கார வேணாம்."

"ஒத்த ஆளா எப்படிடா பிரேக்குல ஏர் எடுப்ப, கிறுக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஷார்ஜாவின் ஒர்க்‌ஷாப் தெருக்கள் கைவிடப்பட்டவை போலக் கிடந்தன. தூரத்து ஒலிபெருக்கியில் பள்ளிவாசல் பிரசங்கமான பயான் ஏறி இறங்கியது; தகரக் கூரை வெயிலில் விரிந்து டிக் டிக்கென்று முனகியது; பழைய கிரீஸ், சுட்ட ரப்பர், வியர்வை எல்லாம் கலந்த வெப்பம் ஈரத்துணி போல முகத்தில் ஒட்டியது.

அந்த மஸ்டாங், பழைய இரும்புக் கடையில் முள்செடிக்குள் கிடந்த வண்டி. எடுத்துக்கொள், கலாஸ், அவ்வளவுதான் என்று ஓர் அரபி கொடுத்தார். கதவு ஒரு வண்டியிலிருந்து, சீட் ஓர் உடைந்த டாக்சியிலிருந்து, ரேடியேட்டர் எங்கிருந்தோ. வெள்ளிக்கிழமை தோறும் சேதுபதியும் ராக்கப்பனும் அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ராக்கப்பன், சேதுபதியின் தங்கை பூவாயியின் கணவன். சேதுபதிதான் விசா எடுத்து அழைத்து வந்தான். குட்டையானவன். சீட்டை முழுக்க முன்னால் இழுத்தால்தான் அவன் கால் பெடலை எட்டும். "கொர்ஃபக்கான் கடல் வரைக்கும் ஒரு தடவ ஓட்டிப்புடணும் மச்சான்" என்பான். போன மாதம் ரூமில் தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு சீட்டை நீளமான தன் காலுக்கு ஏற்றபடி சேதுபதி ஒவ்வொரு வாரமும் பின்னால் தள்ளிவைத்தான். ஒவ்வொரு வாரமும் அது முன்னால் வந்திருந்தது.

மிச்சமிருப்பது பிரேக் மட்டும். இதுவும் முடிந்தால், மாப்பிள்ளையோடு சேர்ந்து செய்த வேலை என்று உலகத்தில் எதுவும் இராது.

ஒருவன் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். மற்றவன் கீழே படுத்து நட்டைத் திறந்து, குழாயில் அடைத்த காற்றை வெளியேற்றி, நட்டை முறுக்கிவிட்டு 'விடு' என்று சொல்ல வேண்டும். அதுவரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே புகுந்துவிடும். பெடலுக்குக் கட்டை முட்டுக்கொடுத்துச் சமாளிக்கலாம் என்று சேதுபதி நினைத்திருந்தான். கட்டையை இன்னும் வைக்கவில்லை. தூரத்துச் சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். பின்பக்கம் வலது சக்கரத்தின் அடியில் படுத்து டியூபின் ஒரு முனையை நட்டிலும் மறுமுனையை ஆயில் பிடிக்கும் பாட்டிலிலும் செருகியபோது, வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அமுக்கு."

பெடல் கிரீச்சிட்டு இறங்கியது.

நட்டைத் திறந்ததும் டியூபில் குமிழிகள் ஓடின. சேதுபதியின் கை தானாக நட்டை முறுக்கியது.

"விடு."

பெடல் ஏறியது.

எழுந்து பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே ஆள் இருக்காது. அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

"மாப்ள" என்றான். கண்ணீர் காதுகளுக்குள் வழிந்தது. "சரி, அமுக்கு."

பின் இடது சக்கரம். அமுக்கு. விடு. பயான் நின்றுவிட்டிருந்தது. கூரையும் சத்தமிடவில்லை. பாட்டிலில் சேர்ந்த ஆயிலில் வேறொரு வாடை. முன் வலது சக்கரத்தில் அது தொண்டையை எரித்தது. உடலை ஊருக்கு அனுப்புமுன் பதப்படுத்திய அறையில், ராக்கப்பனின் தோலிலிருந்து வந்த மருந்து வாடை.

கடைசிச் சக்கரம். டிரைவர் பக்கம்.

"அமுக்கு."

இறங்கியது. நட்டைத் திறந்தான். குமிழி இல்லை. சுத்தமாக வந்தது. முறுக்கினான்.

இனி ஒரு சொல்தான்.

சொல்லவில்லை. சொன்னால் முடிந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம். மாப்பிள்ளை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

மேலே சீட் ஸ்பிரிங் முனகியது. பெடல் நடுங்கியது. துருவேறிய தரைத் தகட்டில் கையகல ஓட்டை. புதுத் தகடு வாங்க வழியில்லாமல் விட்டது. கைவிளக்கை அதன் பக்கம் திருப்பினான்.

ஒரே பெடலில் இரண்டு பாதங்கள்.

சேர்ந்தே இருந்தன. பிரிக்க முடியாமல். கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து இறுக்கிய வெள்ளைத் துணி. சொந்தமென்று வேறு யாரும் இல்லாததால், அந்த அறையில் வேட்டியைக் கிழித்துச் சேதுபதியே போட்ட கட்டு. விரல்கள் கறுத்திருந்தன. நடுங்கின. பெடலை மிதித்தபடியே இருந்தன. ஓட்டை வழியே ஒரு சொட்டு அவன் உதட்டில் விழுந்தது. குளிர்ந்திருந்தது.

மூக்கில் பஞ்சு அடைத்த குரல்.

"காலு கடுக்குது மச்சான்... விடுன்னு சொல்லு."