நாக்குக்கு வராத எழுத்து

அவள் ஏழு முறைதான் சொன்னாள். தையல்காரனுக்கு எட்டு கேட்டது.

மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரம் சுற்றி ஓயும்வரை காத்திருந்தான். கூடத்தில் மெஷின் எண்ணெய் வாடையும் ஊறிப்போன சுவரின் வாடையும் கலந்திருந்தன. சாத்திய அறைக்குள் மனைவி பாடம் படித்துக்கொண்டிருந்தாள். டப்பிங் பேசுகிறவள். ஏதோ மாயலோகப் படத்துக்காக ஒரு மகானுபாவர் வேலைமெனக்கெட்டுப் புது மொழியே உண்டாக்கி, நோட்டு ஒன்றும் அனுப்பியிருந்தார். இருபது நாளாக அதே பாடம்தான். அவள் சொல்லி முடித்ததும் இன்னொரு குரல் ஒருமுறை சொல்லும். முதலில் ஆண்குரல் மாதிரி கரகரத்தது. போகப்போக அவள் குரலாகவே படிந்து வந்தது. அவள் குரலோ நாளுக்கு நாள் கம்மியது.

சந்தேகம் புகுந்துவிட்டால் மானம் வெட்கம் பார்க்காது. அவள் குளிக்கப் போன நேரத்தில் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான், பீரோவைத் திறந்து பார்த்தான். ஈ காக்கை இல்லை. ஆனால் அவள் நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலி கிடந்தது. தொட்டான். இருக்கை சூடாக இருந்தது.

அவள் வந்ததும் கேட்டேவிட்டான். "ஏளு தடவைதான் சொன்னே. எட்டாவது யாரு?"

"முதல்ல ஏழுன்னு சொல்லக் கத்துக்குங்க," என்று சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கிண்டல்தான். நாலு தூறல் விழுந்தால் போதும், "எங்க, மழைன்னு சொல்லுங்க பாப்போம்" என்று வம்புக்கு இழுப்பாள். அவன் மளை என்பான்.

நோட்டைக் காட்டினாள். முதல் பாடத்தில் இரண்டே சொற்கள். ஞெமாள் என்றால் உள்ளே வா. ஞெமாழ் என்றால் வெளியே போ. கீழே சிவப்பு மையில், அழைத்ததை அனுப்பிவிட்டே பாடத்தை முடிக்கவும் என்று எழுதியிருந்தது. உங்கள் நாக்குக்கு இந்த மொழி ஆகாது, தெரியாமல்கூட வாயைத் திறந்துவிடாதீர்கள் என்றாள். அவளோடு சேர்ந்து சிரிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. அறைக்குள் ஞெமாள் என்று கேட்டது. அனுப்பும் சொல்லுக்காகக் காது கொடுத்திருந்தான். வரவில்லை. ஒரு இருமல். பிறகு வெறும் காற்று.

கதவு திறந்து அவள் வந்தாள். தொண்டையைப் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. நோட்டை நீட்டி இரண்டாவது சொல்லின்மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

அவளுக்குப் பின்னால், ஆளில்லாத அறையில், நாற்காலி நகர்ந்தது.

அவளைக் காப்பாற்ற ஒரே ஒரு சொல் போதும். சொன்னான்.

"ஞெமாள்."

அவள் தலையை வேகமாக ஆட்டினாள். தரையில் ஒரு காலடி.

நாக்கை மடித்தான். இன்னும் மேலே. இன்னும் உள்ளே.

"ஞெமாள்."

இரண்டாவது காலடி. நிலைக்கருகில்.

"ஞெமாள்."

அவன் வாயை அவள் இரண்டு கையாலும் பொத்தினாள். கண்ணீர் அவன் கன்னத்தில் பட்டது.

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அவளுடைய சிரிப்பு.

"ஞெமாள் இல்லைங்க," என்றது அவள் குரல், அத்தனை செல்லமாக. "ஞெமாழ்."

அவன் வாயிலிருந்து அவள் கைகள் நழுவின. திரும்பினாள். வாசல் கதவைத் திறந்தாள். வெறுங்காலோடு மழையில் இறங்கி நடந்தாள், ஒருமுறையும் திரும்பிப் பார்க்காமல். முந்தானையை எட்டிப் பிடித்தான். ஈரத்துணி விரலுக்குள்ளேயே வழுக்கிப் போயிற்று.

பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளில் விழுந்தது. சூடாக இருந்தது.

"கதவைச் சாத்துங்க, சாரல் அடிக்குது. எங்க, மழைன்னு சொல்லுங்க பாப்போம்."