ஏழு குடை, பூஜ்யம் புள்ளி

"குடை வாங்கணும்னா உள்ள வாங்க... இல்லைன்னா வழியை விடுங்க!"

கொட்டுகிற மழையில், குடைக்கடை வாசலை அடைத்துக்கொண்டு ஒருவன் சொட்டச் சொட்ட நின்றால் அவளுக்குக் கோபம் வராதா? அவன் திரும்பினான். இமையெல்லாம் மழைத்துளி... நடுவே சிரிக்கிற கண்கள். அடுத்துத் திட்ட வைத்திருந்த வார்த்தை அவளுக்கு மறந்தே போனது.

"நான் வாங்க வரலைங்க... உங்க அப்பாதான் வரச் சொன்னார். ஆன்லைன் கடையில புள்ளித் திட்டம் சேர்க்கணுமாம்."

திரும்பத் திரும்ப வாங்குகிறவர்களுக்குக் குடைக்குப் பத்துப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் தள்ளுபடி. அப்பாவின் வெகுநாள் ஆசை. கணினி முன் உட்கார்ந்தவன், கால் மணி நேரத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"யப்பா! இந்த ப்ரோகிராம் கோடு எழுதின மகராசன் யாருங்க? எதைத் தொட்டா எது கழண்டு விழும்னே தெரியலையே..."

"மகராசன் இல்ல, மகராசி. நான்தான்."

இரண்டு வருடம் தானாகவே கற்று, வரி வரியாக அவள் எழுதிய ஆன்லைன் கடை அது. அன்றோடு பேச்சை நிறுத்தினாள். வேலை விஷயம் என்றால் ஒரு வார்த்தை, அதுவும் திரையைப் பார்த்து. அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் எழுந்து போய்க் குடை அடுக்கினாள். மனசு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காலையில் கதவுச் சத்தம் கேட்டால் முதலில் திரும்பியது அதுதான்.

எட்டாம் நாள் வேலை முடிந்தது. மாலையோடு கிளம்புகிறான். இனி வர மாட்டான்... அந்த ஏக்கத்தை மறைக்க அவன் வேலையில் குறை தேடினாள். கிடைத்தும்விட்டது!

"இதைப் பாருங்க. ஒரே ஆள், ஏழு நாள்ல ஏழு குடை வாங்கியிருக்கார். புள்ளி பூஜ்யம்! இதுதான் நீங்க வேலை பார்த்த லட்சணமா?"

"அது சரியாத்தான் இருக்கு. பொருள் கைக்குப் போனாத்தான் புள்ளி ஏறணும்னு விதி வெச்சதே நீங்கதானே..."

உற்றுப் பார்த்தாள். ஏழிலும் 'நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்றிருந்தது. அலமாரி ஓரத்தில் ஒரு வாரமாக ஆள் வராமல் கிடந்த குடைகள்! மின்னஞ்சல் முகவரி... அவனுடையது.

"சோதனை ஆர்டரை அழிக்க மறந்துட்டீங்களா?"

"சோதனை இல்லைங்க, நிஜம்." அவன் குரல் இறங்கியது. "தினம் ஒண்ணு போடுவேன். இன்னைக்காவது உங்ககிட்ட கேட்டு வாங்கிட்டு, அப்படியே பேசிடணும்னு... நீங்க முகத்தைத் திருப்பினதும் தைரியம் போயிடும். நீங்க எழுதின கோடுல ஒரு வரிகூட நான் மாத்தலை, புதுசைப் பக்கத்துல சேர்த்ததோட சரி. படிக்கப் படிக்கத்தான் தெரிஞ்சுது, எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்கீங்கன்னு. அன்னைக்குச் சொன்னது தப்பு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கண்ணும் கலங்கியது, சிரிப்பும் வந்தது. நீலக் குடை ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். விரல்கள் உடனே விலகவில்லை. பிறகு திரையில் 'ஒப்படைத்தாயிற்று' என்பதை அழுத்தினாள். பூஜ்யம் பத்தானது.

"மிச்சம் ஆறு?"

"நாளைக்கு ஒண்ணு... மறுநாள் ஒண்ணு. மொத்தமா தந்துட்டா நீங்க வர மாட்டீங்களே..."

"ஏழும் தீர்ந்துட்டா?"

அவள் தலை குனிந்தது.

"அதுக்குள்ள அப்பாகிட்ட சொல்லிடுறேன்... எனக்கும் பிடிச்சிருக்குன்னு."