மூன்றாவது வரி

தன் பியானோ வாசிப்பை அலைபேசியில் பதிவுசெய்து திரும்பக் கேட்டபோதுதான், தான் தொடாத ஒரு கட்டை அதில் ஒலிப்பதை அவள் கவனித்தாள். அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோலக் கனத்த சுரம், ஒருமுறையல்ல, நான்குமுறை.

பியானோதான் அவள் பிழைப்பு. சனிக்கிழமை அரங்கில் தனியாக வாசிக்கவேண்டிய புதிய படைப்பு அது. இரண்டு கைக்கு இரண்டு வரிகள் இருக்கவேண்டிய தாளில், இசையமைப்பாளர் மூன்றாவதாக ஒன்றையும் எழுதியிருந்தார். கை எட்டாது என்று அதை விட்டுவிட்டுத்தான் வாசித்திருந்தாள். கேட்ட நான்கு சுரங்களும் அந்த வரியில் அப்படியே இருந்தன.

அவருக்குப் போன் போட்டாள்.

"சார், மூணாவது வரிய யார் வாசிக்கிறது?"

"நீங்க உங்க ரெண்டையும் வாசிங்கம்மா. அது தானா வரும்."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "முன்னாடி யாராவது வாசிச்சிருக்காங்களா?"

"ஒருத்தங்க. பாதியில எழுந்திரிச்சிட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க எழுந்திரிக்காதீங்க."

யாரிடம் இந்த விளையாட்டு என்று கோபம் வந்தது. அதே வேகத்தில் பியானோமுன் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மத்தியான வெயில் சுள்ளென்று அடிக்க, சமையலறையில் அக்கா பாத்திரம் கழுவும் சத்தமும் சோப்பு வாசனையும் வர, முதல் பக்கம் எப்போதும்போல் நகர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் சோப்பு வாசனை போய், மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு நெடி அடித்தது. பிடரியில் குளிர்ந்தது.

சமையலறைக் குழாய் நின்றது.

"குட்டி, கூட யாருடி வாசிக்கிறது?"

பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். இடது கைக்கு அப்பால், கட்டைகள்மேல் ஒரு கை. சாம்பல் நிறம். நீள நீளமான விரல்கள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து வந்திருந்தது. தாளம் பிசகவில்லை.

எழுந்திரிக்காதே. எழுந்திரிக்காதே.

கடைசிச் சுரம் அடங்கியது. அந்தக் கை நகர்ந்துவந்து, அவள் இடது கையைப் பொத்திக்கொண்டது. ஈரம்.

"கேக்குறேன்ல, யாருடி அது..." ஈரக்கையைத் துடைத்தபடி அக்கா வாசலில் வந்து நின்றாள்.

அக்காவின் கண்கள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. தங்கையின் தலைக்குமேல் பார்த்தன. இன்னும் மேலே. இன்னும் மேலே. கூரைவரை.