இரண்டு புட்டி வெந்நீர்

"ரெண்டு புட்டி வெந்நீர்... நல்லாக் கொதிக்கக் கொதிக்க."

மறுபடியும் வந்துவிட்டான்! நீலாம்பாள் அடுப்பை விட்டு நிமிர்ந்தாள். இன்சீன் ரயில் பட்டறைக்கு எதிரே அவள் அப்பா தங்கவேலு நடத்தும் இட்டிலிக் கடை அது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் இந்தக் குழந்தைவேலு வருகிறான். இட்டிலி வேண்டாம், தேநீர் வேண்டாம். இரண்டு பீங்கான் புட்டிகளை நீட்டுகிறான், அவ்வளவுதான்.

"வெந்நீர் எதுக்கு?"

"வீட்டுக்கு."

"வீட்டுல யாருக்கு?"

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். இமையில் ஒரு மழைத்துளி தங்கி நின்றது... சே, அதை ஏன் அவள் பார்த்தாள்?

திருட்டு முழி! ஈரச் சாக்கு தூக்கிக்கொண்டு போகிறானாம். அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறதாம். பூ விற்கும் பர்மாக்காரி மா தின் சொன்னாள். வேறென்ன, சாராயம் காய்ச்சுகிறான்! அத்தான் குடித்துக் குடித்தே அக்காவின் வாழ்க்கையை அழித்தது போதாதா? இவன் வரும் நேரம் பார்த்துத் தலையில் பூ வைத்துக்கொண்டு நின்றோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"சாராயம் காய்ச்சறவங்களுக்கு இங்க வெந்நீர் கெடையாது. போங்க!"

அவன் முகம் கறுத்தது. ரோஷக்காரன்... புட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று நாள் வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே குடையைப் பிடித்துக்கொண்டு அவன் அறை வாசலில் போய் நின்றாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் இந்தப் பாழும் மனசாவது அடங்கும்...

கதவு திறந்ததும் வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் அடித்தது. மூலையில் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் ஈரச் சாக்கு.

"அதுல என்ன?"

"தொடாதீங்க..."

தூக்கியே விட்டாள்.

"ஐயோ அம்மா!"

மலைப்பாம்பு! சுருண்டு கிடந்தது. கண் இரண்டிலும் பால் படர்ந்தாற்போல் வெள்ளை.

"பயப்படாதீங்க, சட்டை உரிக்கப் போவுது. மரக்கட்டை வந்த வண்டியில குட்டியாக் கெடந்துச்சு, குளிர்ல வெறைச்சுப் போயி... வெளிய தெரிஞ்சா அடிச்சுப் போட்டுடுவாங்க. அதான் யாருகிட்டயும் சொல்லல."

"புட்டிய ஏன் ஒரே பக்கமா வச்சிருக்கீங்க?"

"சூடு வேணும்னா கிட்ட வரும், போதும்னா தள்ளிப் போவும். சாக்கு சொட்டவும் கூடாது, காயவும் கூடாது. காஞ்சா சட்டை கண்ணுல ஒட்டிக்கும்."

சாராயமில்லை! அவள் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. துணி சுற்றிய புட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. சந்தேகம் மறுபடியும் தலைதூக்கியது.

"மூணு நாளா நான் தண்ணி தரலையே... இது எப்படிச் சுடுது?"

அவன் புட்டியின் துணியை இழுத்துச் சுற்றினான்.

"நெசத்தச் சொல்லுங்க!"

"நான் பட்டறையில பாய்லர் பாக்கறவன்... எனக்கு வெந்நீருக்கா பஞ்சம்? ராத்திரி வேலை முடிஞ்சு வரப்போ அங்கயே ரெண்டு புட்டியும் நெறச்சுக்குவேன்."

"அப்புறம் எங்க கடைக்கு எதுக்கு?"

"தெரு முனையில தண்ணியக் கொட்டிட்டு... வெறும் புட்டியோட உங்ககிட்ட வருவேன். உங்களப் பாக்க வேற சாக்கு தெரியல. எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்கு, நீலா..."

பாவி! அத்தனை நாளும் அவள் விறகை எரித்துக் கொதிக்கவைத்தாளே! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நாளைக்குக் காலையில வாங்க. புட்டி வேணாம். இதையே எங்கப்பாகிட்ட சொல்லுங்க."

"அவரு நம்பலேன்னா?"

"நான் நம்பறேன்ல..." என்றாள் நீலாம்பாள். சாக்கை எடுத்துப் பிழிந்து, பெட்டியை மெல்ல மூடினாள்.