மிதிபட்டவன்

தேங்காய்ப்பால் பூசிய பெண், தேவாலயத்துக் கல்யாணப் பூசைக்குப் போகும்வரை வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது. கோவாவின் திவார் தீவில் சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும். செவெரினாவுக்கும் தெரியும். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கிற ஜென்மமா அவள்?

மறுநாள் காலை கல்யாணம். மாப்பிள்ளை கயித்தான் கப்பலில் சமையல்காரன். மூன்று வருஷமாகத் தள்ளித் தள்ளிப் போனது, அவனுடைய பதினைந்து நாள் விடுப்பில் ஒருவழியாகக் கூடி வந்திருந்தது. இருவரும் சரியாக ஒரே உயரம். ஒரு அங்குலம் கூடினாலும் மாப்பிள்ளை முகம் வாடிவிடும் என்று, குதிகாலே இல்லாத வெள்ளைக் காலணியாகத் தேடி வாங்கியிருந்தாள். அதற்குப் பதில் மாப்பிள்ளைக்கு ஒரு முக்காலி போட்டுவிடலாமே என்று ஒன்றுவிட்ட அண்ணன் லூசியோ சீண்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

முற்பகலில் ரோஸ் என்கிற தேங்காய்ப்பால் சடங்கு நடந்தது. உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை தேங்காய்ப்பாலை ஊற்றித் தேய்த்தார்கள். குளிக்கப் போனால் தொட்டியில் தண்ணீர் இல்லை. இரண்டு சொம்புதான் தேறியது. பிடரி மயிரிலும் கால் விரலிடுக்கிலும் பால் அப்படியே நின்றுவிட்டது. ஜனவரி வெயிலில் அது மெல்லப் புளிக்கத் தொடங்கியது.

கூடத்தில் அவள் அம்மாவின் படம் மாட்டியிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள், ஆற்றுக்கு அக்கரையில், பழைய பட்டணத்துக் கல்வளைவின் கீழே எடுத்தது. அம்மா இப்போது இல்லை. அதே இடத்தில் தானும் ஒரு படம் எடுத்தே தீரவேண்டும் என்று செவெரினா ஒற்றைக் காலில் நின்றாள். அம்மா ரோஸ் பூசுவதற்கு முன்னால் எடுத்த படம் அது என்பதை வசதியாக மறந்துவிட்டாள். அத்தை எர்மெலிந்தா வாசலை மறித்தாள்.

"பால் பூசின உடம்புடி இது. எதெது நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குதோ, யாருக்குத் தெரியும்?"

"அஞ்சே நிமிஷம் அத்தை. போற படகுலயே திரும்பிடுவேன்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். செவெரினா லூசியோவை இழுத்துக்கொண்டு படகேறினாள்.

படகுத்துறையிலிருந்து நாலு எட்டில் வளைவு. தன் முப்பாட்டன் கடல் கடந்து வந்த பெருமைக்கு ஒரு போர்த்துகீசிய ஆளுநர் கட்டியது. ராஜபிரதிநிதிகள் நுழைந்த வாசலில் இப்போது மீன்கூடைகளும் ஸ்கூட்டர்களும் நுழைகின்றன. ஊர்ப்பக்க முகப்பில், உயரத்தில், வாளேந்திய கல்பெண் ஒருத்தி, விழுந்துகிடக்கும் ஓர் ஆளின்மேல் காலை ஊன்றி நிற்கிறாள். மிதிபட்டவன் யார் என்று எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

வளைவுக்குள் நாறியது. மூத்திரம், வௌவால் எச்சம், மீன் கழுவிய தண்ணீர். அதெல்லாம் பழகின நாற்றம். அன்று அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. பல நாள் மூடிக்கிடந்த வாயைத் திறந்தால் வருமே, அது. செவெரினா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

படத்தில் ரப்பர் செருப்பு தெரிய வேண்டாமென்று கழற்றிவிட்டு, சுவரோரம் நின்றாள். லூசியோ தெருவரை பின்னால் நடந்துபோய், கல்பெண்ணும் விழும்படி கைபேசியைச் சாய்த்தான்.

குதிகாலில் ஈரம் பட்டது.

நாய் என்று நினைத்து உதறினாள். நாய் எதுவும் இல்லை.

மறுபடியும். தடித்த, சொரசொரப்பான, வெதுவெதுப்பான நாக்கு. கிண்ணத்தின் அடியில் ஒட்டியதை வழித்துத் தின்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் நுழைந்து துழாவியது. அடுத்து அதுவே பிடரியில். கொழகொழவென்று எச்சில் முதுகில் வழிந்தது. கத்தலாமென்றால், வாயைத் திறந்தால் அந்த நாற்றம் தொண்டைக்குள் இறங்கிவிடும். சீ! பல்லை இறுக்கிக்கொண்டாள்.

காதோரம் சப்புக்கொட்டும் சத்தம்.

"மேலே நிக்கிறவ கால் வறண்டுபோச்சு. உன் கால் இனிக்குது."

செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். படகில் ஏறியதும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள். வெயில்தான், வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த லூசியோ, கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனான். அவளும் எட்டிப் பார்த்தாள். கல்பெண் காலை ஊன்றி நின்றாள்.

காலுக்கடியில் யாரும் இல்லை.

வீட்டில் வெந்நீர், சோப்பு, எலுமிச்சை, கடைசியில் பாத்திரம் தேய்க்கிற நார். தோல் கன்றிச் சிவந்தது. நாக்கு பட்ட இடம் மட்டும் வெளுத்து, ஊறிச் சுருங்கியே கிடந்தது. நாற்றமும் போகவில்லை. வாயைத் திறந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்ற பயத்தில் அத்தையிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை. லூசியோவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

காலையில் தேவாலயம் நிறைந்திருந்தது. கயித்தான் அவள் விரலில் மோதிரத்தைப் போடும்போது, காலணிக்கு அடியில் ஏதோ நெளிந்தது. தரை இல்லை அது. ஒரு கன்ன எலும்பு. ஈரத் தாடி. வெதுவெதுப்பாக ஒன்று காலணியின் ஓரத்தைத் துழாவி மேலேறியது.

கயித்தான் அவளை அண்ணாந்து பார்த்தான்.

"ஹீல்ஸ் போட மாட்டேன்னு சொன்னியே?" என்று கிசுகிசுத்தான். "என்னைவிட ஒரு சாண் ஒசந்து நிக்கிறே."

மணி அடித்தது. எல்லோரும் மண்டியிட்டார்கள். செவெரினா மட்டும் மண்டியிடவில்லை. கயித்தான் கையைப் பிடித்து இழுத்தான், பாதிரியார் கண்ணைக் காட்டினார். அந்தக் கல்பெண் இத்தனை காலம் ஏன் காலையே எடுக்கவில்லை என்று அவளுக்கு இப்போது புரிந்தது. எடுத்தால் அவன் எழுந்துவிடுவான்.

இன்னும் அழுத்தி மிதித்தாள். அடியில் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.