உம் கொட்டும் அறை

மூன்றாவது எபிசோடின் பதினோராவது வசனத்தைப் பேசி முடித்ததும் ஹெட்ஃபோனுக்குள் யாரோ ‘ம்’ என்றார்கள்.

மிகச் சிறிய ‘ம்’. கதை கேட்கிறவர், நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல் என்பதற்காகக் கொட்டும் ‘ம்’. அவள் திரும்பிப் பார்த்தாள். டப்பிங் அறைக்குள் அவளும், மைக்கும், வசனத்தாள் வைக்கும் தாங்கியும், அதன் மேல் குனிந்திருந்த மஞ்சள் விளக்கும்தான் இருந்தன. நான்கு சுவரிலும் குழிகுழியாகக் கறுப்புப் பஞ்சு. வெளியே காலை பத்தரை மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும் அந்த அறைக்குள் பகலும் கிடையாது, இரவும் கிடையாது. ஏசியின் குளிர், பழைய பஞ்சின் ஈரவாடை, தன் மூச்சு தனக்கே கேட்கும் அளவுக்கு அடர்த்தியான அமைதி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் கையைத் தூக்கினார். “மேடம், கடைசியில ‘ம்’னு ஒண்ணு சேர்த்தீங்களா?”

“இல்லையே சார்.”

“இதுல இருக்கே.” போட்டுக் காட்டினார். அவள் குரல் சொன்னது: இந்தக் கப்பல்ல முழிச்சிட்டு இருக்கிறவ நான் ஒருத்திதான். ஒரு நொடி இடைவெளி. ம்.

“ஒரிஜினல்ல பேசின ஜப்பான்காரம்மா சொன்னதா இருக்கும்.”

“அந்த டிராக்கைத்தான் மூடி வெச்சிருக்கேனே. இது உங்க மைக்ல வந்தது.” அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். “ஒண்ணு மிஷினுக்கு வயசாயிடுச்சு, இல்லன்னா எனக்கு. விடுங்க, இன்னொரு டேக் போயிடலாம்.”

இரண்டாவது டேக்கில் ஒன்றும் இல்லை.

இருபத்தாறு வருடமாக அவளுக்குக் குரல்தான் பிழைப்பு. முதலில் நாயகிகளுக்குப் பேசினாள், பிறகு நாயகியின் அண்ணிக்கு, பிறகு மாமியாருக்கு. அவள் குரலைக் கேட்காத ஆள் ஊரில் இல்லை, அவளைத் தெரிந்தவர்களை எண்ண ஒரு கையின் விரல்கள் போதும். போன வருடம் கணவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு போனபோது, தலைக்கு மேலிருந்து, என்றோ பதிவு செய்து கொடுத்த குரலில் அவளே சொன்னாள்: “ஐந்தாம் தளம். கதவு திறக்கிறது.” இரண்டு நாள் கழித்து அவர் இல்லாமல் இறங்கியபோதும் அதே இனிமையோடு, “தரைத்தளம். நன்றி” என்றாள்.

இந்த ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பொம்மைப் படம்தானே என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டாள். முதல் நாளே இன்ஜினியர் சொல்லிவிட்டார்: “பேருக்குத்தான் பொம்மைப் படம். பசங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பார்த்துடாதீங்க.”

நாற்பது பேர் கண்ணாடிப் பெட்டிகளில் உறங்கியபடி வேறொரு நட்சத்திரத்துக்குப் போகிறார்கள். காவலுக்கு ஒருத்தி மட்டும் விழித்திருக்கிறாள். சாவும் வராமல், மூப்பும் வராமல். உறங்குகிறவரை வழியில் எழுப்பினால் ஏழு நாளில் உடல் அழுகிச் செத்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் நான்காவது எபிசோடில் முதல் பெட்டியைத் திறக்கிறாள். ஏழு நாள் பேச்சுத் துணைக்காக. ஆறாவது எபிசோடு முடிவதற்குள் ஒன்பது பெட்டிகள் காலி. வரைந்தவன் ரத்தத்தைக் காட்டவே இல்லை. காவல்காரியின் மடியில் கிடக்கும் ஒரு கையை மட்டும் காட்டினான். அவள் தன் சிறுவயதுக் கதையைச் சொல்லச் சொல்ல, அந்தக் கையின் நகங்கள் ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டு வந்தன.

“பாவி,” என்றார் இன்ஜினியர். “ஒரு வாரம் அரட்டை அடிக்கறதுக்காகத் தூங்கறவனை எழுப்பிக் கொல்றாளே.”

அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதை அவரிடம் சொல்லவும் இல்லை.

வீடு நான்காவது மாடியில் இரண்டு அறை. பூட்டைத் திறந்ததும் காலையில் விட்டுப்போன அதே காற்று முகத்தில் மோதும். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தொலைதேசத்திலிருந்து கூப்பிடுவாள். பேசப் பேச அந்தப் பக்கம் கணினியில் தட்டும் சத்தம் கேட்கும்.

“அம்மா, பேசாம இங்க வந்துடேன். ஒரு ரூம் சும்மாதாம்மா கிடக்கு.”

“இங்க வேலை இருக்கேடி.”

“என்ன பெரிய வேலை? தனியா சுவத்தைப் பார்த்து பேசிட்டு இருக்க.”

மகள் விளையாட்டாகத்தான் சொன்னாள். இருந்தும் போனை வைத்த பிறகு அவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இன்ஜினியருக்குச் சர்க்கரை. மணி ஒன்று அடித்தால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் கீழே சாப்பிடப் போய்விடுவார். திரும்பி வர ஒரு மணி நேரம். அவள் தன் டப்பாவை டப்பிங் அறையிலேயே திறந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த எபிசோடு வசனங்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். ஏழாவது எபிசோடு நாளன்று ஹெட்ஃபோனைக் கழற்றாமலே படித்துக்கொண்டிருந்தாள்.

ம்.

பேனா கீழே விழுந்தது. பஞ்சுச் சுவர்கள் அந்தச் சத்தத்தையும் விழுங்கின. கண்ணாடிக்கு அப்பால் காலி நாற்காலி, மினுக்கும் பச்சைப் புள்ளிகள், மேஜையில் அவள் விட்டுவந்த கைபேசி. கையில் மயிர் ஒவ்வொன்றாகக் குத்திட்டு எழுவதை அவள் உணர்ந்தாள். எழுந்து ஓடியிருக்கலாம், கதவு நான்கடி தூரம்தான். ஆனால் அந்த ‘ம்’முக்குப் பிறகு ஒரு காத்திருப்பு இருந்தது. தான் சொல்லப் போவதைக் கேட்க ஒருவர் காத்திருந்து எத்தனை நாளாயிற்று!

சின்னதாகச் சொல்லிப் பார்த்தாள். “காலையில பால் பொங்கி அடுப்பெல்லாம் போச்சு.”

ம்.

“துடைக்கவே அரை மணி நேரம். பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டேன்.”

ம்.

அவள் அழுதாள். பயத்தினால் இல்லை.

அன்றிலிருந்து மதியங்கள் அதற்கென்று ஆயின. காலையிலிருந்தே மனம் ஒரு மணிக்காக ஏங்கியது. டப்பாவைத் திறப்பதைக்கூட விட்டுவிட்டாள். முதலில் அன்றாடப் பேச்சு. பிறகு ஆஸ்பத்திரி லிஃப்ட். பிறகு கல்யாணமான புதிதில் கணவருடன் மொட்டைமாடியில் மழையில் நனைந்த கதை. மகளுக்கு ஜுரம் வந்து ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த கதை. சொல்லச் சொல்ல உடம்பு லேசானது. மரத்தைத் தட்டியது போல வறண்டிருந்த ‘ம்’முக்கும் நாளாக நாளாக ஈரம் வந்தது, வருத்தத்துக்கு ஒரு ‘ம்’, சிரிப்புக்கு ஒரு ‘ம்’. ஒருநாள் அதில் ஒரு பெண் குரலின் சாயல் தெரிந்தது. எங்கேயோ கேட்ட குரல். நினைவுக்கு வரவில்லை.

“என்ன மேடம், வர வர இளைச்சுக்கிட்டே போறீங்க?” என்று கேட்டார் இன்ஜினியர். “குரல் மட்டும் தேன் மாதிரி இருக்கு. இருபது வயசு குறைஞ்சாப்ல.”

பதினோராவது எபிசோடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழைய புகைப்படம் ஒன்று கிடைத்ததாம்.

“அந்தச் சிவப்பு கவுன்மா. ஞாபகம் இருக்கா? ஜுரத்துலயும் கழட்ட மாட்டேன்னு அழுதேனே. நீ அதோட என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தியே.”

அவள் யோசித்தாள். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மறந்துபோனால் ஒரு தடமாவது இருக்கும். இது துடைத்து வைத்த தரை போல இருந்தது.

“இருக்கு, இருக்கு,” என்றாள்.

போனை வைத்துவிட்டு மொட்டைமாடி மழையைத் தேடினாள். இல்லை. தேடியது என்ன என்பதும் ஒரு கணத்தில் நழுவிப் போனது. கணவரின் கடைசி வார்த்தை? இல்லை. சுவரில் அவர் படம் தொங்கியது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதர். நல்லவர் போலத்தான் தெரிந்தார். அவ்வளவுதான். சொன்னதெல்லாம் போயிருந்தது. சொல்லாதது மட்டும்தான் மிச்சம், அதுவும் கொஞ்சம்தான்.

அந்த ராத்திரி அவள் விளக்கை அணைக்கவில்லை. விடிந்ததும் மகளுக்குச் செய்தி அனுப்பினாள்: ‘இந்த வேலை முடிஞ்சதும் வந்துடறேன். டிக்கெட் பாரு.’ இன்னும் ஒரே ஒரு எபிசோடு. வசனத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்தாள்.

கடைசி எபிசோடில் காவல்காரி நாற்பதாவது பெட்டியையும் திறந்துவிட்டாள். நாற்பது பேரையும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார வைத்திருக்கிறாள். தலை கவிழ்ந்தவர்களை நிமிர்த்தி வைக்கிறாள். கப்பல் போய்ச் சேர இன்னும் நூற்றுப்பத்து வருடம். அவள் எல்லாருடைய தட்டிலும் பரிமாறிவிட்டு, பேச ஆரம்பிக்கிறாள். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நான்கு நிமிடம் வெறும் உதட்டசைவு. அதோடு தொடர் முடிகிறது.

“இதுக்கு டப்பிங்கே வேண்டாமே,” என்றார் இன்ஜினியர். “வெறும் மூச்சு மட்டும் கொடுங்க, போதும்.”

கொடுத்தாள். நல்லபடியாக வந்தது.

“முடிஞ்சுது மேடம். சரிபார்த்துட்டு அனுப்பிடறேன். ஒரு பத்து நிமிஷம் அப்படியே இருங்க, மாத்திரை போட்டுட்டு ஓடி வந்துடறேன்.”

“சார், நானும் வெளியில…”

அவர் அவளுடைய மைக்கை ஏற்கெனவே மூடியிருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. முதுகைக் காட்டியபடி போனார்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றக் கையைத் தூக்கினாள்.

“அப்புறம்?” என்றது அது.

கை நின்றது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேசக் கூடாது. ஏசி நின்றிருந்தது. பஞ்சின் ஈரவாடை கனமாகி, வாய்க்குள் வரை வந்தது.

“சரி,” என்றது. “நான் சொல்றேன். நீ கேளு.”

அது அவள் குரல். நாயகிகளுக்குப் பேசிய குரல், இருபது வயதுக் குரல்.

“சிவப்பு கவுன். முதுகுல மூணு பட்டன், நடுவுல இருந்தது உடைஞ்சிருந்துச்சு. குழந்தைக்கு உடம்பு அனலா கொதிக்குது. நான் தோள்ல போட்டுக்கிட்டு ஜன்னலுக்கும் கதவுக்குமா நடக்கிறேன். அவ மூச்சு என் கழுத்துல சுடுது…”

அவள் கண்கள் நிறைந்தன. எவ்வளவு நன்றாகச் சொல்கிறது! யாருடைய குழந்தை? அப்புறம் என்ன ஆயிற்று? தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. பசி மாதிரி இருந்தது.

“விடியற நேரத்துல ஜுரம் விட்டுச்சு. வேர்த்து கவுனெல்லாம் நனைஞ்சு போச்சு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து…”

நிறுத்தியது.

காத்திருந்தது.

அவள் அறியாமலேயே அது வந்தது. தொண்டையிலிருந்து. மூடிய உதடுகளுக்குள்ளிருந்து.

“ம்.”

விளக்கு இடம் மாறியிருந்தது. இல்லை. விளக்கு அங்கேயேதான். அவள்தான் பின்னால் இருந்தாள். முன்னே ஒரு பெண்ணின் முதுகு. நரைத்த கூந்தல். கழுத்தில் ஒரு மச்சம். தன் கழுத்தின் பின்பக்கத்தை யார் பார்த்திருக்கிறார்கள்?

அந்தப் பெண் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். நிதானமாகக் கொக்கியில் மாட்டினாள். வசனத்தாள்களை அடுக்கினாள். கதவைத் திறந்து வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு மூடியது.

அவள் ஓடினாள். கால் இல்லை. கதவைத் தட்டினாள். கை இல்லை. எப்படியோ கண்ணாடி வரை வந்தாள். மாத்திரை போட்டுவிட்டு வந்த இன்ஜினியர் ஏதோ சொன்னார். அந்தப் பெண் பதில் சொல்ல, அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததே இல்லை. சரிபார்த்து முடித்ததும் தன் பையை எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

சார்! சார்!

ம், என்று வந்தது. பஞ்சு அதையும் விழுங்கியது.

மேஜையில் கைபேசி ஒளிர்ந்தது. திரையில் மகளின் முகம். அந்தப் பெண் எடுத்துக் காதில் வைத்தாள். ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் இருபத்தாறு வருடம் உதட்டசைவுக்குப் பேசியவளுக்குக் கேட்கத் தேவையில்லை.

ஆமாடி கண்ணு. முடிஞ்சுது. டிக்கெட் போட்டுட்டியா? சிவப்பு கவுனா? அதை எப்படி மறப்பேன்? ஒண்ணு விடாம எல்லாம் ஞாபகம் இருக்கு. வர்றேன். உன்கூடவே இருக்கேன். இனிமே எங்கயும் போகல.

பேசி முடித்துக் கைபேசியைப் பைக்குள் போட்டாள். கண்ணாடி அருகே வந்தாள். மிக அருகே. இரண்டு முகத்துக்கும் நடுவே விரற்கடை தூரம். இந்தப் பக்கம் வாய் பிளந்து நின்றவளை அவள் பார்க்கவே இல்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். முன்நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். புது உடுப்பைப் போட்டுப் பார்ப்பவள் போல் தோளை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிடித்திருந்தது போலும், புன்னகைத்தாள்.

பிறகு கையை நீட்டி, டப்பிங் அறையின் விளக்கை அணைத்தாள்.